பேரைத் தின்ன செவப்பு மணல்

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சு.

என்ன கோமு முழிக்கிறே? ராஜா எங்கன்னு கேக்கிறியா? ராஜா நேத்தே தூங்கப் போயிட்டார். இன்னிக்கு அண்டாதான். பெரியப்பாகிட்ட இருக்கிறது அதுதான். காலை நீட்டிப் படு. போர்வையைக் கடிக்காத. நீ 'ம்' போட்டுக்கிட்டே வரணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும். சரியா?

ம்.

அந்த அண்டா சும்மா அண்டா இல்ல, செம்பு அண்டா. உன்னை மாதிரி நாலு பேரு உள்ள உக்காந்து கண்ணாமூச்சி ஆடலாம். தட்டினா 'டோஓஓங்'னு ஒரு சத்தம் வரும், நீ எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து படுத்தாலும் அது ஓய்ஞ்சிருக்காது. அது அந்த ஊர்த் தலைவர் பலவேசம் வீட்டு அண்டா. கடக்கரை ஊரு. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் பனங்காடு. பலவேசத்தை ஊரே அண்ணாச்சின்னு கூப்பிடும். மீசை இந்தக் காதுல ஆரம்பிச்சு அந்தக் காதுல முடியும்.

அண்டாவோட வயித்துல ஒரு பேரு கீறியிருந்துச்சு. 'சிவனணைஞ்சான்'னு. அது அண்ணாச்சியோட தாத்தாவுக்குத் தாத்தா. அந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். குடம், செம்பு, போணி, கரண்டி, எல்லாத்துலயும் பேரு. நம்ம வீட்டு தூக்குச்சட்டில உங்க தாத்தா பேரு இருக்குல்ல, அது மாதிரி. கோயில் கொடை, அதான் திருவிழா, வந்துச்சுன்னா ஊர்ப் பாத்திரம் பூரா சமையலுக்கு வரும். ஒரே குவியலாக் கிடக்கும். சாப்பாடு முடிஞ்சதும் அவங்கவங்க பேரைப் பாத்து, அவங்கவங்க பாத்திரத்தை எடுத்துட்டுப் போவாங்க. சண்டை இல்ல, சச்சரவு இல்ல.

அப்போ ஒரு வழக்கம் இருந்துச்சு. கொடைப் பாத்திரத்தை யாரு தேய்க்கணும்? அந்த வருஷம் ஊருக்குப் புதுசா வந்த மருமகள்க. சில வருஷம் ஏழெட்டுப் பேரு இருப்பாங்க, பாட்டும் சிரிப்புமாத் தேய்ச்சுருவாங்க. அந்த வருஷம் பாத்து ஒரே ஒரு மருமகதான். பேரு ஆவுடை.

ம்.

ஆவுடைக்கு உள்நாடு. கடலையே கல்யாணத்துக்கு அப்புறம்தான் பாத்தா. முதல்ல பாத்தப்ப, "எம்மா! இந்தக் குளத்துக்குக் கரையே கட்டலையா?"ன்னு கேட்டாளாம். அவ புருஷன் வேலாண்டி நல்லவன். நல்லவன்னா, யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுற நல்லவன். மாமியா நாச்சியார். அவங்க குரலு பலமா, சங்கு பலமான்னு ஊர்ல ஒரு சந்தேகம் உண்டு.

கொடை முடிஞ்ச மறுநாக் காலையில ஆவுடை பாத்திரக் குவியல் முன்னால வந்து நின்னா. அண்ணாந்து பாத்தா.

"அத்தை, செங்கப்பொடி எங்க இருக்கு?"

"செங்கப்பொடியா? அது என்னத்துக்கு?"

"எங்க ஊர்ல செங்கலை இடிச்சு, அந்தப் பொடியிலதான் தேய்ப்போம். பளபளன்னு இருக்கும்."

"ஏட்டி, ஒங்க ஊரு பளபளப்பை ஒங்க ஊரோட வச்சிக்கோ. இந்தா சாம்பல், இந்தா புளி. தேய்!"

அவளும் தேய்ச்சா. சவக் சவக், சவக் சவக். கரி போகல. கை போச்சு. அண்டா அடியில பொங்கல் பிடிச்சுக் கருகிக் கிடக்கு, அது அசையவே இல்ல. கையைக் கழுவலாம்னு கடலுக்குப் போனா.

அப்போ ஒரு அலை வந்துச்சு. 'ஹோஓஓ'ன்னு வந்து, 'சொய்ய்ய்'னு திரும்பிச்சு. திரும்பும்போது லேசான வெள்ளை மணலை எல்லாம் இழுத்துட்டுப் போயிருச்சு. கனமான மணல் மட்டும் கரையில தங்கிருச்சு. அது என்ன நிறம் தெரியுமா? செவப்பு. மாதுளம்பழத்தைப் பிதுக்கி ஊத்தின மாதிரி வரி வரியா. அந்த ஊர்க்காரங்க அதைப் பிறந்ததுலேர்ந்து மிதிக்கிறாங்க, அதனால யாரு கண்ணுக்கும் அது தெரியிறதே இல்ல. ஆவுடை கண்ணுக்குத் தெரிஞ்சுது.

"அடியாத்தி! இங்க கடலே செங்கலை இடிச்சுக் குடுக்குதே! இது தெரியாம சாம்பலைப் போட்டுத் தேய்க்காங்களே, பாவம்!"

முந்தானை நிறைய அள்ளினா. தூக்கினா, தூக்க முடியல. கையளவு மணல் கல்லு மாதிரி கனக்குது. "என்ன இது, செங்கப்பொடிக்கு இம்புட்டுக் கனமா?"ன்னு நினைச்சா. நினைச்சவ அங்கயே நின்னு இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். ஆனா மலை மாதிரி பாத்திரம் கிடக்கும்போது யாரு யோசிப்பா, சொல்லு. நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேனான்னு தெரியல.

தேங்காநாரை நனைச்சா, செவப்பு மணலைத் தொட்டா, தேய்ச்சா. சரக் சரக்! சரக் சரக்! அடேயப்பா! கருக்கல் போச்சு, களிம்பு போச்சு. குடம் போய் சூரியன் வந்த மாதிரி இருக்கு. அவளுக்கு வெறி வந்துருச்சு. வெளிய தேய்ச்சா, உள்ள தேய்ச்சா, விளிம்புல தேய்ச்சா. அண்டா மேல ஏறி உக்காந்துகிட்டு சரக் சரக்! சரக் சரக்!

பெரியப்பா, கை வலிக்காதா?

வலிக்கும். ஆனா பளபளன்னு வரும்போது வலி தெரியாது. தூங்கு... இல்ல இல்ல, கேளு.

மத்தியானம் ஊர் கூடிருச்சு பாத்திரம் எடுக்க. வந்தவங்க எல்லாம் கண்ணைக் கையால மறைச்சுக்கிட்டாங்க. அவ்வளவு கூசுது! பொம்பளைங்க குடத்துல முகம் பாத்து நெத்திப் பொட்டைச் சரி பண்ணினாங்க. அண்ணாச்சி அண்டாவுல மீசையைப் பாத்து முறுக்கினார்.

"பலே! மருமகள்னா இவதான் மருமக!"

நாச்சியாருக்குப் பெருமை தாங்கல. "எங்க வீட்டு மருமகளாக்கும்!"

அப்புறம் அண்ணாச்சி அண்டாவை ஒரு சுத்துச் சுத்தி வந்தார். குனிஞ்சார். இன்னொரு சுத்து. குனிஞ்சார். மூணாவது சுத்துல நிமிந்தவர் முகத்துல ரத்தமே இல்ல.

"எங்க தாத்தா எங்க?"

"எந்தத் தாத்தா அண்ணாச்சி?"

"சிவனணைஞ்சான் தாத்தா! இங்கதான இருந்தாரு! இந்த வயித்துல!"

இல்ல. வழுவழுன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. பேரைக் காணோம்! அப்போ எல்லாரும் அவங்கவங்க பாத்திரத்தைப் புரட்டினாங்க. குடத்துல பேரு இல்ல. செம்புல இல்ல. கரண்டிக் காம்புல இல்ல. தலைமுறை தலைமுறையா சாம்பல் போட்டுத் தேய்ச்சதுல அந்த எழுத்தெல்லாம் ஏற்கனவே மெலிஞ்சுதான் கிடந்துச்சு. செவப்பு மணல் மிச்சத்தையும் தின்னுருச்சு.

அண்ணாச்சி தலையில கை வச்சு உக்காந்துட்டார். "அய்யோ! எங்க தாத்தா ரெண்டாவது தடவை செத்துட்டாரே!"

ரெண்டு கிழவிங்க பழக்கதோஷத்துல ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டாங்க.

ம்... ஹிஹி.

சிரிக்காத. அங்க ஆவுடை நெலமை சிரிக்கிற மாதிரி இல்ல. அந்த ஊர்ல பாத்திரத்துல பேரை அழிக்கிறது யாரு தெரியுமா? திருடன். பாத்திரத்தைத் திருடினவன் முதல் வேலையா அரத்தை வச்சுப் பேரை ராவிருவான். அதனால கூட்டத்துல ஒரு குரலு, "இவ திருடத்தான் பேரை ராவியிருக்கா!"ன்னுச்சு. அப்புறம் எல்லாக் குரலும் அதையே சொல்லுச்சு.

பூவரச மரத்தடியில பஞ்சாயத்து கூடுச்சு. அண்ணாச்சி தீர்ப்பு சொன்னார்: "இவளை இவ அம்மா வீட்டுக்கே அனுப்புங்க. வண்டியைப் பூட்டுங்க. பொழுது சாயுமுன்ன ஊரைத் தாண்டணும். இனி இந்த ஊர்ல இவ காலு படக்கூடாது."

வண்டியைப் பூட்டிட்டாங்க. நாச்சியார், பெருமைப்பட்ட அதே வாயால, "அப்பவே சாம்பலைப் போட்டுத் தேய்ன்னு சொன்னேன்!"னு திட்டிக்கிட்டே அவ டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வண்டியில வச்சாங்க. வேலாண்டி? தீர்ப்புக்கும் தலையாட்டினான், ஆவுடை அழுததுக்கும் தலையாட்டினான். அவளைப் பாத்துக்கிட்டே நின்னான். ஆவுடைக்கு அந்தத் தலையாட்டிப் பயலை விட்டுட்டுப் போக மனசு இல்ல. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான்.

கண்ணைத் துடைச்சா. "அண்ணாச்சி, நான் ராவல. மணலுதான் தின்னுச்சு."

"மணலு தின்னுச்சா! சாம்பலுக்கு வாயி இல்ல, புளிக்கு வாயி இல்ல, மணலுக்கு மட்டும் வாயா? இம்புட்டு நாளா இந்த மணல்ல நடக்கோம், எங்க காலைக் கடிச்சுதா?"

"இது அந்த மணலு இல்ல அண்ணாச்சி. இது வேற."

"வேறன்னு காட்டு பாப்போம்."

அவ ஒரு சுளகு கேட்டா. சுளகு தெரியும்ல, அரிசி புடைக்கிறது. கரையிலேர்ந்து கலந்த மணலை அள்ளிப் போட்டா. கடக்காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு புடைச்சா. ஷ்ஷ்ஷக்... ஷ்ஷ்ஷக்... லேசான வெள்ளை மணல் பறந்துச்சு. அண்ணாச்சி எங்க உக்காந்திருந்தார்? நேர் எதிர்ல. அம்புட்டும் மீசையில.

"தூ! தூ! போதும் நிறுத்துட்டி!"

சுளகுல பாத்தா செவப்பு மணல் மட்டும் அசையாம உக்காந்திருக்கு. கனம் அப்படி! கூட்டம் 'ஓ'ன்னுச்சு.

அண்ணாச்சி மீசையைத் தட்டினார். "கனமா இருந்தா? எங்க மச்சினன் கூடக் கனமாத்தான் இருக்கான். அவனுக்குப் பல்லா இருக்கு? இந்த மணலோட பல்லைக் காட்டு."

ஆவுடை ஒரு பொடியை விரல் நுனியில எடுத்தா. எள்ளுல பாதி இருக்கும். அதுல எங்க பல்லைத் தேட?

அப்போ ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தார். உசரமா, வெயில்ல சிவந்த முகம். கப்பல்காரர். கடல் தாண்டி வந்த வியாபாரி. தண்ணி பிடிக்கக் கப்பலை நிறுத்தியிருந்தார். அவரு தமிழை ஏதோ புலவர்கிட்ட படிச்சவரு போல. அதனால பேசினா இப்படிப் பேசுவார்:

"பெருமக்களே! அடியேன் ஒன்று கூறலாமோ?"

ஊர்க்காரங்களுக்குப் புரியல. "என்னவே சொல்லுதாரு?"

"ஏதோ கூறு போட்டு விக்கிறதாச் சொல்லுதாரு."

அவரு சுளகைப் பாத்தார். கண்ணு விரிஞ்சுது. இடுப்புப் பையிலேர்ந்து ஒரு கல்லை எடுத்தார். நெல்லிக்கா அளவு. கருஞ்செவப்பு. வெயிலுக்கு நேரா பிடிச்சா உள்ள தணல் கனியிற மாதிரி இருக்கு. "இம்மணலின் தாய் இதுவே"ன்னார்.

கோமு, அந்தக் கல்லை யாரும் செதுக்கல. பூமிக்கு அடியில, பாறைக்குள்ள, சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா விளைஞ்சது. ஆனா யாரோ உக்காந்து அளந்து செதுக்கின மாதிரி பன்னெண்டு முகம். ஒவ்வொரு முகமும் காத்தாடி மாதிரி சாய்ஞ்ச சதுரம். மழை பாறையைக் கரைச்சு, ஆறு உருட்டிக் கொண்டாந்து, கடல் இடிச்சுப் பொடியாக்கினதுதான் அந்தச் செவப்பு மணல். இப்ப அதுக்கு கார்னெட்டுன்னு பேரு. நீ உங்க அப்பாவோட சின்னக் காந்தத்தை வச்சு மணல்ல விளையாடினியே? கருப்பு மணல் துள்ளிக்கிட்டு வந்து ஒட்டிச்சுல்ல? இந்தச் செவப்பு சோம்பேறி. நல்ல பலமான காந்தமா இருந்தாத்தான், 'சரி வாரேன்'னு மெதுவா நகரும்.

அப்புறம் பெரியப்பா?

கூட்டத்துல ஒருத்தன் கத்தினான்: "மாணிக்கம்டோய்!"

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் கடக்கரைக்கு ஓடத் தயாராயிருச்சு. அண்ணாச்சியே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டார். கப்பல்காரர் கையைத் தூக்கினார். "அன்று! இது மாணிக்கம் அன்று!" கத்தி தீட்டுற சாணைக்கல்லு ஒண்ணு அங்க கிடந்துச்சு. குருந்தக்கல்லுப் பொடியில செஞ்சது. மாணிக்கமும் அந்தக் குருந்தத்தோட சாதிதான், அதனால மாணிக்கத்தைச் சாணை லேசுல தொடாது. இந்தக் கல்லைச் சாணையில ஒரு இழுப்பு இழுத்தார். கிர்ர்ர். கல்லுல கோடு விழுந்துச்சு. "குருந்தத்திற்கு இது அஞ்சும். செம்பு இதற்கு அஞ்சும்"னார்.

"மாணிக்கத்துக்குச் சொந்தமும் இல்லையா?"ன்னு அண்ணாச்சி கேட்டார்.

"நிறம் மட்டுமே ஒக்கும்."

அண்ணாச்சி வேட்டியை இறக்கி விட்டுட்டார். "அப்ப இதை எதுக்குவே கட்டிச் சுமக்கீரு?"

"எம் நாட்டில் இதை மோதிரத்தில் பதிப்பர். முத்திரையாகவும் செதுக்குவர். இதை அணிந்தவன் இருளிலும் கடலிலும் வழி தவறான் என்பது எம் முன்னோர் நம்பிக்கை." விரலை நீட்டிக் காட்டினார். அதே செவப்பு.

"நல்ல நம்பிக்கை. இப்ப எந்த ஊருக்குப் போய்க்கிட்டிருக்கீரு?"

கப்பல்காரர் ஒரு ஊரு பேரைச் சொன்னார். கூட்டத்துல ஒரு கிழவர் சொன்னார்: "அது வடக்கால்ல இருக்கு! நீரு ரெண்டு நாளாத் தெக்கால வந்துட்டீரு."

கப்பல்காரர் மோதிரத்தைப் பாத்தார். மோதிரம் ஒண்ணும் சொல்லல.

ஹிஹிஹி.

மெதுவா. அம்மா முழிச்சிருவா.

அண்ணாச்சி கல்லைப் பிடுங்கினார். "பல்லு இருக்கான்னு உடைச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்!" கப்பல்காரர் தடுக்கிறதுக்குள்ள அம்மிக்குழவியால ஒரே போடு. டணார்!

"ஐயகோ! என் கல்!"

சில கல்லு அடிச்சா தேங்காச் சில்லு மாதிரி ஏடு ஏடா, நேரா பிளந்துக்கும். இது அப்படிப் பிளக்காது. கண்டபடி உடையும். உடைஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூரு. அண்ணாச்சி ஒரு துண்டைத் தொட்டுப் பாத்தார். "ஆஆஆ!" விரல்ல ரத்தம்.

ஆவுடை சொன்னா: "பாத்தீயளா அண்ணாச்சி. நம்ம பல்லை உடைச்சா விழுந்துரும். இதை உடைச்சா புதுப் பல்லு முளைக்குது. அலை உடைக்க உடைக்க முளைக்குது."

கூட்டம் "ஆமா, ஆமா"ன்னுச்சு. வேலாண்டி எல்லாருக்கும் முன்னால தலையாட்டினான். அண்ணாச்சி விரலைச் சப்பிக்கிட்டே யோசிச்சார். வெயில் சாய ஆரம்பிச்சிருச்சு. வண்டிமாடு கழுத்து மணியை ஆட்டுது, கிணிங் கிணிங்.

"பல்லு இருக்கலாம். தின்னுமா? அதான் கேள்வி. பல்லு உள்ளதெல்லாம் செம்பைத் தின்னா ஊர்ல ஒரு பாத்திரம் மிஞ்சுமா?"

"தேய்ச்சுக் காட்டுதேன் அண்ணாச்சி."

"நீ தேய்க்கப்படாது. நகத்துல அரத்தை ஒளிச்சு வச்சிருப்பே. நானே தேய்க்கேன்."

மடியிலேர்ந்து வெத்திலைச் செல்லத்தை எடுத்தார். பித்தளை. போன மாசம்தான் மூடியில அவரு பேரை வெட்டியிருந்தாங்க. 'பலவேசம்'னு கொட்டையா, ஆழமா. நாரை நனைச்சார், செவப்பு மணலைத் தொட்டார். "எல்லாரும் பாத்துக்கிடுங்க. ஒரு எழுத்து அசையாது!"

சரக். சரக். சரக் சரக்.

"பாத்தீயளா? எதாவது அசைஞ்சுதா?" சரக் சரக்! சரக் சரக்! அவருக்கும் அந்த வெறி வந்துருச்சு. பளபளன்னு வருதுல்ல! நிறுத்த முடியல. நாக்கைத் துருத்திக்கிட்டு, மீசை ஆட ஆட, சரக் சரக்! சரக் சரக்!

"அண்ணாச்சி, போதும்"னாங்க. "சும்மா இருவே! ஓரத்துல இன்னும் களிம்பு இருக்கு."

கடைசியில மூச்சு வாங்க நிறுத்தி, மேல்துண்டால துடைச்சார். பாத்தார். முதல் எழுத்து போயிருச்சு. மத்தது நிழலாத் தெரியுது.

பின்னாலேர்ந்து ஒருத்தன், "முதலெழுத்து போனாப் போகுது, இனிமே லவேசம் அண்ணாச்சின்னு கூப்பிடுவோம்"னான்.

"எவம்லே அவன்!"

ஆனா நியாயம் நியாயம்தான். அண்ணாச்சி செல்லத்தை மடியில ஒளிச்சுக்கிட்டு எழுந்தார். "சரி. இவ திருடி இல்ல. மணலுதான் தின்னுருக்கு."

ஆவுடைக்கு மூச்சு வந்துச்சு. வண்டிக்கிட்டப் போய் பெட்டியை இறக்கப் போனா.

"நில்லுட்டி! திருடி இல்லன்னுதான் சொன்னேன், இருன்னு சொல்லல. எது யாரு பாத்திரம்னு இப்ப யாருக்குத் தெரியும்? ஊர் பூரா அடிச்சுக்கிடப் போகுது. அந்தக் கலகத்துக்கு நீதான காரணம்? எல்லாரும் அவங்கவங்க பாத்திரத்தோட வீட்டுக்குப் போனாத்தான் நீ இருக்கலாம்."

அவரு சொல்லி வாயை மூடல, ஆம்பளைங்க குவியல் மேல பாஞ்சுட்டாங்க. அவனவனுக்கு நல்ல குடம்தான் தன்னோட குடம். ஒரே அண்டாவை ஏழு பேரு பிடிச்சு இழுக்காங்க. டோஓஓங்! "இது எங்க சித்தப்பா சீர்ல வந்தது!" "ஒங்க சித்தப்பாவுக்குக் கல்யாணமே ஆகலையேவே!" டணார்! டமார்! ஒருத்தன் தலையில போணி மாட்டிக்கிச்சு. அவன் அதுக்குள்ளேர்ந்தே சண்டை போடுதான்.

ம்...

தூக்கம் வந்துருச்சா? இன்னும் கொஞ்சம்தான்.

அப்போ ஒருத்தன் ஒரு குடத்தைத் தூக்கிட்டு நாச்சியாரைத் தாண்டி ஓடினான். நாச்சியார் சங்கு ஊதின மாதிரி ஒரு சத்தம் போட்டாங்க.

"வைலே கீழ! அது என் குடம்!"

"பேரு எங்க இருக்கு?"

"பேரு எதுக்குலே? இடுப்புக்குத் தெரியும்." பிடுங்கி இடுப்புல வச்சாங்க. குடத்தோட ஒரு பக்கம் லேசா உள்வாங்கி, அவங்க இடுப்புக்குன்னு செஞ்ச மாதிரி போய் உக்காந்துச்சு. "கல்யாணமான நாள்லேர்ந்து தண்ணி சுமக்கேன். வேற எவ இடுப்புலயாவது இது உக்காருதான்னு வச்சுப் பாருங்க!"

பக்கத்து வீட்டுக்காரி ஒரு செம்பை எடுத்து விரலால சுண்டினா. டிங். "இது என்னோடது. எங்க மூத்தவன் கிணத்துல போட்ட அன்னிலேர்ந்து இப்படித்தான் அழுத குரல்ல பேசும்." இன்னொருத்தி கண்ணை மூடிக்கிட்டு ஒரு கரண்டியைக் கையில நிறுத்துப் பாத்து எடுத்துக்கிட்டா. ஒருத்தி சட்டி அடியைத் தடவினா, ஒருத்தி மூக்கால மோந்தா. ஆம்பளைங்க வாயைப் பிளந்து நிக்காங்க. குவியல் கரைஞ்சுது. ஒரு சண்டை இல்ல. கடைசியில அண்டா மட்டும் நின்னுச்சு.

அண்ணாச்சியோட சம்சாரம் வந்தாங்க. சத்தமாப் பேசி யாரும் கேட்டதில்ல. அண்டாவைச் சுத்தி வந்து, ஒரு சின்ன நசுங்கல்ல விரலை வச்சாங்க.

"இது எங்க அண்டா."

"எப்படித் தெரியும்?"னு அண்ணாச்சியே கேட்டார்.

"இது உம்ம தலை பட்ட இடம். கள்ளு குடிச்சிட்டு வந்து, சிவனணைஞ்சான் தாத்தாவைக் கட்டிப்பிடிச்சு அழுதீரே, அன்னிக்கு."

ஊரு சிரிச்ச சிரிப்புல வண்டிமாடு ரெண்டும் மிரண்டுச்சு. நாச்சியார் வண்டியிலேர்ந்து பெட்டியை ஒரே இழுப்புல இறக்கினாங்க. "எல்லாப் பாத்திரமும் வீடு போய்ச் சேந்தாச்சுல்ல? எம் மருமக எதுக்கு வண்டி ஏறணும்?"

அண்ணாச்சிக்கு வேற வழி இல்ல. ஆனா மீசை ஒத்துக்கல. "தாத்தா பேரு இல்லாத அண்டாவை நான் வாசப்படி ஏத்த மாட்டேன். என் அண்டாவுல பேரு இருக்கணும். பொழுது சாயுமுன்ன இவ பேரை வெட்டணும். வெட்டினா இருக்கலாம். இல்லன்னா பெட்டி திரும்ப ஏறும்!"

ஆவுடை கீழ கிடந்த செவப்புக் கல்லுத் துண்டுகள்ல நல்ல கூரானதாப் பாத்து எடுத்தா. கப்பல்காரர், "கொள்க, கொள்க, இனி எனக்கென்ன"ன்னு கையை ஆட்டிட்டார். ஒரு மூங்கில் குச்சி நுனியில அரக்கை உருக்கி, கல்லை அதுல பதிச்சா. ஊதினா, இறுகிச்சு. அண்டா முன்னால சம்மணம் போட்டா. பேரைத் தின்ன அதே கல்லு, இப்ப பேரை எழுத நிக்குது.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன பேரு?"

"சிவ..."ன்னு ஆரம்பிச்சார்.

"இல்ல"ன்னாங்க அவரு சம்சாரம். "அண்டா நம்மளதுன்னு நான்தான் சொன்னேன். வீட்டுக்கு நான் எடுத்துட்டுப் போறேன். எம் பேரை வெட்டட்டும்."

"ஒம் பேரா?"

"ஏன், எனக்குப் பேரு இல்லையா?"

பொம்பளைங்க எல்லாம் நாச்சியாருக்குப் பின்னால வந்து நின்னுட்டாங்க, குடமும் கையுமா. அண்ணாச்சி அந்தக் குடத்தை எல்லாம் ஒரு பார்வை பாத்தார். எறிஞ்சா வலிக்கும்.

"சரி சரி! வெட்டு! இவ பேரையே வெட்டு!"

"என்ன பேரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

கோமு, அவரு கல்யாணமான நாள்லேர்ந்து அவங்களை 'ஏட்டி'ம்பார். கோவம்னா 'ஏ மூதி'ம்பார். நல்ல மனசுல இருந்தா 'இந்தா'ம்பார். அதுக்கு மேல கூப்பிட்டதில்ல. பொழுது பனங்காட்டுக்குப் பின்னால இறங்குது. பனமட்டை எல்லாம் செவப்பா ஆயிருச்சு.

"பொழுது சாயுது அண்ணாச்சி"ன்னா ஆவுடை. "பேரைச் சொன்னாத்தான நான் வெட்ட முடியும்? நான் இருக்கணுமா, போகணுமா?"

அண்ணாச்சி ஆம்பளைங்க பக்கம் திரும்பினார். யாராவது சொல்லித் தருவாங்களான்னு. அவனவன் தன் சம்சாரத்தைத் திருட்டு முழி முழிச்சுப் பாத்துட்டு மணலைப் பாத்தான். வேலாண்டி மட்டும் சந்தோஷமா, "ஆவுடை!"ன்னான். அவன் புது மாப்பிள்ளை, இன்னும் மறக்கல.

அண்ணாச்சி மெதுவா சம்சாரத்துக்கிட்டப் போனார். காதுக்கிட்டக் குனிஞ்சார். மீசை கூச்சமாத் தொங்குது.

"ஏட்டி... ஒம் பேரு என்ன?"

"கேக்கல. சத்தமாக் கேளும்."

தொண்டையைச் செருமினார். பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்ற குரல்ல, ஊரு பூரா கேக்க, "ஒம் பேரு என்ன?"ன்னு கேட்டார்.

அவங்களுக்கும் உடனே வரல. எப்பவோ வச்ச எடத்தைத் தேடி எடுக்கிற மாதிரி கொஞ்சம் நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க:

"திரிபுரசுந்தரி."



"இம்புட்டு நீளமா!"ன்னார் அண்ணாச்சி.

"அண்டா வட்டம்தான? சுத்தி வரட்டும்."

ஆவுடை குனிஞ்சா. கிரீச்ச்... கிரீச்ச்... கல்லு செம்புல இறங்குச்சு. அண்ணாச்சி பக்கத்துல குத்தவச்சு, ஒவ்வொரு எழுத்தா வாய்க்குள்ள சொல்லிப் பாத்தார். வண்டிக்காரன் மாட்டை அவுத்துட்டான். ஆவுடைக்குப் பின்னால குடமும் செம்புமா பொம்பளைங்க வரிசை நின்னுட்டாங்க. ஆம்பளைங்க எல்லாம், வலையைப் பாக்கணும், ஓலையைப் பாக்கணும்னு மெல்ல நழுவப் பாத்தாங்க.

"எங்க போறீய?"ன்னுச்சு நாச்சியார் குரலு. "வந்து அவங்கவங்க சம்சாரத்தோட பேரைக் கேட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான் கோமு. அண்டாவைத் தேய்ச்சாச்சு, கவுத்தாச்சு, கதையையும் அது மேலயே கவுத்தாச்சு. கோமு... ஏ கோமு...

'ம்' வரல. சரி. தூங்கு.